செலினின் முதல் முடி

என் மகளின் தலைமுடி யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

செலினுக்கு இப்போது ஏழு வயது நடக்கிறது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. பின்னிவிட்டால் இடுப்பைத் தாண்டுகிறது. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் என்ன எண்ணெய் தேய்க்கிறேன் என்று கேட்கிறார்கள். அழகுக்கு வளர்த்த முடி இல்லை அது. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காததால் வளர்ந்த முடி. இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிய கதையை எழுதியபோது, முன்னறையில் தங்கியிருந்த புரொபசரின் காகிதங்கள் நனைந்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் யார் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி எழுதினால் இந்த முடியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இரண்டுக்கும் தொடக்கம் ஒரு படக் கொட்டகை.

மயில் வந்தபோது

டாக்கி வந்த புதிது. தமிழில் பேசிப் பாடுகிற படம் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது என்றால் பினாங்கு முழுவதும் அதே பேச்சாக இருக்கும். அந்த முறை வந்தது முருகன் கதை.

கிறிஸ்தவர்கள் அதற்குப் போகலாமா என்று எனக்குச் சந்தேகம். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பாடத்தோடு பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கிறவர். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

"படம்தானே மேரி" என்றார் அவர்.

"நாம பார்க்கப் போறது படத்தை இல்லம்மா. படம் பார்க்கிறவங்களை" என்றார் புரொபசர். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நாங்களும் பார்க்கிறவர்கள்தானே.

கொட்டகைக்குள் கச்சாங் பூத்தேக்காரன் கடலை வறுத்த வாசனையும் சுருட்டுப் புகையும் தலையெண்ணெய் வாடையும் கலந்து கிடந்தன. விசிறி சுற்றியும் கழுத்தில் வியர்வை வழிந்தது. ஒரு பக்கம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா. மறுபக்கம் என் வீட்டுக்காரர். அவருக்கு அப்பால் புரொபசர். செலின் என் மடியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் எப்போதுமே அப்படித்தான். மூன்று வயது தாண்டியும் ஒரு சொல் பேசியதில்லை. சிரிப்பாள், அழுவாள், வேண்டியதைக் கை நீட்டிக் கேட்பாள். காது நன்றாகக் கேட்கும். சொல் மட்டும் வராது.

பாட்டு முடிந்து திரையில் வெள்ளை வெளிச்சம் பரவியது. முருகன் மயில்மேல் வந்தார். கொட்டகை மொத்தமாக எழுந்து நின்று 'அரோகரா' என்றது. நாற்காலிகளுக்கு அடியில் செருப்புகள் கழன்று விழும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றித் திரைக்குக் காட்டினார்கள். கொட்டகைச் சிப்பந்தி ஒருவன் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தான். வந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கும்பிட்டான்.

அப்போது செலின் என் மடிமேல் எழுந்து நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மயிலு வருது" என்றாள்.

மழலை இல்லை. திக்கவும் இல்லை. நேற்றும் முந்தாநாளும் பேசிக்கொண்டிருந்தவள்போலச் சொன்னாள்.

என் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. யாருக்கு என்று கை என்னைக் கேட்கவில்லை.

"வாத்தியாரம்மா, புள்ள பேசுது. முருகா, புள்ள பேசிருச்சு" என்று பாக்கியம் அக்கா அழுதாள். முன்வரிசைகள் எங்கள் பக்கம் திரும்பின. முகம் தெரியாத ஒருத்தி இருட்டில் கை நீட்டிச் செலினின் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் அதைத் துடைக்கவில்லை. துடைத்திருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

புரொபசர் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னறைக்கு வந்தவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் என் வீட்டுக்காரருக்குப் பாடம் சொன்னவர். மதங்களைப் பற்றிய பாடம். ஒரு மதத்தை அல்ல, எல்லா மதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லும் பாடம். கடல் கடந்து வந்த தமிழர்கள் தங்கள் சாமிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும், இங்குள்ள தமிழ் வாசகசாலையில் சில சொற்பொழிவுகள் செய்யவும் கப்பல் ஏறி வந்தார். டத்தோ கிராமாட் ரோட்டுக்கு உள்ளே எங்கள் வீட்டு முன்னறையில் சில மாதங்கள் இருந்தார்.

நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். அங்கே ஒரு கேள்விக்கு ஒரு பதில். மனப்பாடமாகச் சொன்னால் சிஸ்டர் தலையசைப்பார். ஒரு கேள்விக்கு ஏழெட்டுப் பதில் சொல்லிவிட்டு எது சரி என்று சொல்லாமல் காப்பி குடிக்கிற ஒரு மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நெற்றியில் ஒன்றும் இராது, கழுத்திலும் ஒன்றும் இராது. ஞாயிறு பூசைக்கு எங்களோடு வருவார். நாங்கள் எழும்போது எழுவார், முழந்தாளிடும்போது மட்டும் உட்கார்ந்தே இருப்பார். கேட்டால் முட்டிவலி. வெள்ளிக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படியேறிப் போவார். அப்போது முட்டி வலிக்காது.

"உங்க புரொபசருக்கு எந்தச் சாமி?" என்று பாக்கியம் அக்கா ஒருநாள் கேட்டாள்.

"எல்லாச் சாமியும்தான் போல அக்கா."

"அப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க லா."

தெருவில் சிலர் அவரைச் சுயமரியாதைக்காரர் என்றார்கள். சிலர் சர்க்கார் அனுப்பிய ஆள் என்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் "எங்க சார்" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவரிடம் எதையும் வாங்க முடியாது.

ஒருநாள் மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. புரொபசர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "நம்பிக்கையைப் பாடமாச் சொல்றது சமையலைப் பத்திப் பேசுற மாதிரிதான். பேச்சால வயிறு நிறையாது. ஆனா உப்பு ஏன் கூடிச்சுன்னு பேசுறவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

"சமைக்கிறவளுக்கும் நாக்கு இருக்கே சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அன்று மாலை "சார்கிட்ட அப்படிப் பேசலாமா?" என்று கேட்டார். எனக்கும் பேசியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. ஆனால் சொன்னது தப்பு என்று தோன்றவில்லை.

தீப்பெட்டிப் படங்கள்

பெரிய பெரிய புத்தகங்களோடு வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் சேர்த்ததோ தீப்பெட்டிமேல் ஒட்டியிருக்கும் படங்கள், ஊதுபத்திக் கட்டின் உறைகள், கடைக்காரர்கள் கொடுக்கும் காலண்டர் படங்கள், நாடக நோட்டீஸ்கள். எதில் சாமி இருந்தாலும் எடுத்துக்கொள்வார். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போய் வந்தபோது ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அங்கே தொழிலாளர்கள் இருக்கும் லயத்து வீடுகளில் ஊதுபத்தி எரிந்து தீர்ந்த பிறகும் உறையைக் கிழித்துப் போடாமல் சுவரில் ஒட்டிக் கும்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்து போனது. அந்தக் குரலில் இருந்தது மரியாதையா, வேடிக்கையா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மத்தியான வேளையில் அந்தப் படங்களை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, வாசகசாலையில் பேசப்போவதைச் சொல்லிப் பார்ப்பார். செலின் மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இவதான் என்னோட நல்ல மாணவி. நடுவிலே கேள்வி கேக்கிறதில்லை" என்பார்.

பேசாத பிள்ளையைப் பெற்றவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொள்வேன். என்ன சொல்லிக்கொடுக்கிறார் என் பிள்ளைக்கு? ஒரு தடவை திடீரென்று உள்ளே போனேன். அவர் ஒரு படத்தைக் கையில் பிடித்திருந்தார். செலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் துடைப்பத்தைத் தேடி வந்ததாகச் சொன்னேன்.

கொட்டகைக்குப் போய்வந்த மறுநாள் செலினின் கவுனைத் துவைத்தபோது அதன் பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு தீப்பெட்டிப் படம். நனைந்து நீலச் சாயம் என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. படத்தில் ஒரு மயில்.

அன்னம்மாளிடம் சொன்னது

மயில் படத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்று தெரிய வேண்டுமானால் அதற்கு முந்திய வருஷத்துக்குப் போக வேண்டும்.

செலின் பேசாததற்கு நாங்கள் செய்யாததில்லை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினோம். தேன் தடவினோம். ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, பொறுத்திருங்கள் என்றார். கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் பேச்சு வரும் என்று பாக்கியம் அக்கா சொன்னாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. தேவமாதாவைப் பெற்ற தாய் அன்னம்மாள். பெற்றவளின் கவலை அவளுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்துப் புறப்பட்டேன். பெர்ரியில் அக்கரையில் உள்ள பிறைக்குப் போய், அங்கிருந்து ரயில். கோயில் குன்றில் மெழுகு உருகி ஓடிக்கிடந்தது. எனக்கு முன்னால் ஒரு சீனத்தாய் முழந்தாளில் ஊர்ந்துகொண்டிருந்தாள். அவள் பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது.

நான் செலினின் தலையில் கை வைத்துச் சொன்னேன்: "அம்மா, இவளுக்குப் பேச்சு வரட்டும். இவள் முதல் முடியை உமக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேன்."

முதல் முடி என்றால் பிறந்த முடி. அது ஒரு தடவைதான் உண்டு. பிறகு எத்தனை முறை மொட்டையடித்தாலும் அது வேறு முடி. அதனால்தான் அவளுக்குக் கத்தரி வைக்காமல் காத்தோம்.

வேறொருத்தியின் வேண்டுதல்

படம் முடிந்து வெளியே வரும்போது நாற்காலி வரிசையிலிருந்து வாசல்வரை ஒரே நெரிசல். அத்தனை பேரும் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாமி வரும்போது கழற்றியதை இருட்டில் யார் யாரோ மிதித்து உதைத்து இடம் மாற்றியிருந்தார்கள். ஒரு முறையும் இது நடக்காமல் படம் முடிந்ததில்லை என்று சிப்பந்தி சொன்னான். 'கெட்டிக்காரன் புதுச் செருப்போட போறான், பக்திமான் வெறுங்காலோட போறான்' என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

புரொபசர் கடைசியாக வந்தார். ஒரு காலில் அவருடைய தோல் செருப்பு. மறு காலில் யாருடையதோ, அளவு பெரியது. நடந்தால் டப் டப் என்று அடித்தது.

"சார், உங்க செருப்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

"யாரோ உதைச்சுத் தள்ளிட்டாங்க" என்றார் அவர்.

காலில் மாட்டியிருக்கிற செருப்பை எப்படி உதைத்துத் தள்ள முடியும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. என் மனம் முழுவதும் செலினிடம் இருந்தது. ரிக்ஷாவில் "இன்னொரு தடவை சொல்லுடா கண்ணு" என்று கெஞ்சினேன். அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் பாக்கியம் அக்கா பூவும் பழமுமாக வந்து நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் துறைமுகத்தில் வேலை. செலினை என்னைவிட அதிகமாகத் தூக்கி வைத்திருந்தவள் அவள்.

"உங்ககிட்ட சொல்லாம ஒண்ணு செஞ்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

"என்ன அக்கா?"

"போன தைப்பூசத்துல தண்ணீர்மலையில வேண்டிக்கிட்டேன். புள்ளைக்கு வாய் குடு முருகா, அது பொறந்த முடிய உனக்கே எடுத்துடறேன்னு."

"யாரைக் கேட்டு அக்கா?"

"யாரக் கேக்கணும்? புள்ள மேல ஆச இருந்தா போதாதா?"

"நான் அன்னம்மாளுக்கு நேர்ந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. முடிய நேந்திருக்கீங்கன்னு தெரியாது. மெழுகுவத்திதான்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா முருகன் முன்னாலதான புள்ள பேசுச்சு? ஊரே பாத்துச்சே."

பெற்றவளைக் கேட்காமல் இன்னொருத்தி பிள்ளைக்காக வேண்டிக்கொண்டால் அந்த வேண்டுதல் பிள்ளையைக் கட்டுமா? கட்டாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "முடிதானே மேரி. ஆளுக்குப் பாதி குடுத்துடு" என்றார். இதைப் பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். "பங்கு வைக்க இது என்ன கோழிக்கறியா? உங்க வீட்டுக்காரரு வாத்தியாரா, கசாப்புக் கடைக்காரரா?" என்றாள். அந்தக் கவலையிலும் இருவரும் சிரித்தோம்.

ஆனால் செலின் அதற்குப்பின் பேசவில்லை. அன்று இல்லை, அடுத்த வாரமும் இல்லை. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டார்களோ என்று எனக்குப் பயம் பிடித்தது. தப்பான இடத்தில் முடியைக் கொடுத்தால் பேச்சு அடியோடு போய்விடுமோ? கொடுக்காமலே இருந்தால்?

வாசகசாலையில்

புரொபசரின் கடைசிச் சொற்பொழிவுக்கு நானும் பாக்கியம் அக்காவும் போய்ப் பெண்கள் பக்கம் பின்னால் உட்கார்ந்தோம்.

"கோயில்லே சாமி இருக்குன்னு நம்பிப் போறோம். கொட்டகையிலே இருக்கிறது வெறும் வெளிச்சம்னு தெரிஞ்சு போறோம். தெரிஞ்சும் செருப்பைக் கழட்டுறோம். அப்போ நம்பிக்கை நம்ம தலையிலே இருக்கா, காலிலே இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நன்றாகத்தான் பேசினார். அதை நான் மறுக்கவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊரிலே ஒரு கிறிஸ்தவத் தாய். மடியிலே பேசாத குழந்தை. முருகன் வந்தார், குழந்தை பேசிச்சு, தாய் சிலுவை போட்டாள். இதை எந்த மதத்திலே சேர்க்கிறது?"

பாக்கியம் அக்கா என் கையைக் கிள்ளினாள். பெயர் சொல்லவில்லைதான். டத்தோ கிராமாட் ரோட்டில் பேசாத குழந்தை வேறு எத்தனை இருக்கிறது?

அந்த வாரமே வீட்டு வாசலில் ஆட்கள் வரத்தொடங்கினார்கள். பழம், பூ, ஒரு சீசாவில் பால். "முருகன் பேச வச்ச புள்ள இதுவா?" என்று முடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "மயிலுன்னு சொல்லு கண்ணு" என்றார்கள். செலின் உதட்டை இறுக்கிக்கொண்டு என் முந்தானைக்குள் புகுந்தாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு எங்கள் பங்குச் சாமியார் என் வீட்டுக்காரரை அழைத்தார். பிரெஞ்சுக்காரர், தமிழ் தெரிந்தவர், கோபப்படாத மனிதர். "குழந்தை பேசினாள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். அன்னம்மாளுக்கு நேர்ந்ததாக உங்கள் மனைவி சொல்லியிருந்தாளே. முடி ஏன் இன்னும் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாராம். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்கிறவருக்குச் சொந்த வீட்டுக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "சார்" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

புழுக்கம்

ஊர் திரும்பும் கப்பலுக்கு முந்திய நாள் மத்தியானம் புரொபசர் படங்களை அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். செலின் வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில். நான் சாயம் போன அந்த மயில் படத்தை மேஜைமேல் வைத்தேன்.

"இதை நீங்கதான் குடுத்தீங்களா சார்?"

"கேட்டா. கை நீட்டினா. குடுத்தேன்."

"மயில்னு சொல்லிக்குடுத்தீங்களா?"

"இல்லையம்மா. நான் அவகிட்ட பேசிட்டிருந்தேன். சொல்லிக்குடுக்கலை." கொஞ்சம் நின்று, "நடுவிலே மயில்னும் சொல்லியிருப்பேன். அதை நான் எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றார்.

"எங்களைப் பத்தி மண்டபத்திலே பேசுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

ஆமாம், சொல்லியிருப்பேன். அதை அவர் சாதாரணமாகச் சொன்ன விதம்தான் என்னைச் சுட்டது.

எவ்வளவு சந்தேகம் இருந்தாலும் படித்தவர், இந்த விஷயத்துக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். கேட்டுவிட்டேன். "முடியை யாருக்குக் குடுக்கணும் சார்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கேள்வியை எந்த எந்த ஊர்லே யார் எப்படிக் கேட்டாங்கன்னு என்னால நாள் பூராச் சொல்ல முடியும். பதில் என்கிட்ட இல்லை. நான் கும்பிட நின்னா, கும்பிடுற என் பக்கத்திலே ஒருத்தன் நின்னு குறிப்பு எடுக்கிறான். அவனும் நான்தான். அவன் வந்ததிலேர்ந்து என்னால கும்பிட முடியலை."

பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "கொட்டகையிலே செருப்பைக் கழட்டினப்போ அவன் எங்கே போயிருந்தான்?"

கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"புழுக்கமா இருந்தது" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். பிறகு, பேச்சை மாற்றுகிறவராக, "ஒரு உதவி செய்யுங்கம்மா. முடி எடுத்த அன்னைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்க. எந்தக் கோயில்னு மட்டும் போதும். என் புத்தகத்துக்கு" என்றார்.

அதுவரை எனக்கு இருந்தது ஒரு பயம். அந்தக் கணத்தில் அது இரண்டாயிற்று. எந்தப் படியில் ஏறினாலும் என் பிள்ளையின் தலை அவர் புத்தகத்தில் ஒரு வரியாகப் போகும். அன்னம்மாள் முன்னால் நின்றாலும், தண்ணீர்மலையில் நின்றாலும், அவர் பக்கத்தில் நிற்கிறவன் இனி என் பக்கத்திலும் நிற்பான்.

மறுநாள் துறையில் வழியனுப்பப் போனோம். கப்பலுக்குப் போகும் படகு விலகியதும் செலின் என் கையை இழுத்தாள். "தாத்தா போயிட்டாரு" என்றாள்.

அன்று ஆரம்பித்தவள்தான். இன்றுவரை நிறுத்தவில்லை.

சீப்பும் கத்தரியும்

அதற்குப்பின் திருவிழாக்கள் வந்து போயின, தைப்பூசங்களும் வந்து போயின. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம். ஒரு ஜூலையில் செலினுக்குக் கக்குவான். ஒரு தைப்பூசத்தில் பாக்கியம் அக்கா தானே கேட்காமல் விட்டாள். அவள் கேட்காதது கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த ஜூலையில் நான் பெர்ரித்துறைவரை போய்விட்டு, அவள் முகம் நினைவு வந்து திரும்பினேன். புரொபசருக்கு நான் எழுதவில்லை.

இப்போது தள்ளிப்போட முடியாது. செலின் படிக்கும் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பேன் பரவியிருக்கிறது. விடுமுறை முடிந்து வரும்போது எல்லாப் பெண்களும் கழுத்தளவுக்கு முடி வெட்டிவர வேண்டும், வராவிட்டால் அங்கேயே வெட்டிவிடுவோம் என்று சிஸ்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். இத்தனை வருஷம் காத்த முடி எந்தச் சாமிக்கும் இல்லாமல் பள்ளிக்கூடத்துக் குப்பைக்கூடைக்குப் போகப் பார்க்கிறது.

நேற்றுக் காலை பின்னிவிடும்போது செலினிடமே கேட்டேன். அவளுக்குத்தான் இந்தக் கதை முழுவதும் தெரியுமே, ஊர் சொல்லிச் சொல்லி.

"உனக்கு யாருடா பேச்சுக் குடுத்தது? அன்னம்மாளா, முருகனா?"

"யாரும் குடுக்கலம்மா. எனக்குப் பேசத் தெரியும்."

"அப்புறம் ஏன் பேசல?"

"தாத்தா பேசிட்டே இருந்தாரு. கேட்டுட்டு இருந்தேன். மெதுவா இழும்மா, வலிக்குது."

அந்தத் தாத்தா வருவதற்கு முன்னும் அவள் பேசியதில்லை என்று சொல்லலாம். மூன்று வயதில் நடந்தது ஏழு வயதில் எப்படி நினைவிருக்கும் என்றும் சொல்லலாம். நான் பின்னலைத் தளர்த்தி மறுபடி பின்னினேன். அவள் சொல்வது உண்மையானால் நான் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் என் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகையால் இதைப் படிக்கிற தாய்மாரைக் கேட்கிறேன். எனக்குத் தங்கைகளும் அக்காள்மாரும் இந்த ஊரில் இல்லை. ஒரு பிள்ளைக்காக நீங்கள் நேர்ந்துகொண்டதும், உங்கள் பிள்ளைக்காக வேறொருத்தி நேர்ந்துகொண்டதும் ஒரே முடிமேல் விழுந்தால் எதை முதலில் தீர்ப்பீர்கள்? பிறந்த முடியை ஒரு கோயிலிலும், பிறகு வளர்வதை மற்றதிலும் கொடுத்தால், இரண்டாவது வாங்குகிறவருக்குக் குறை இருக்குமா? முடி எடுக்கும்போது பாக்கியம் அக்காவை எங்கே நிற்க வைப்பது? பாதி பாதி என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வீட்டிலேயே கேட்டாயிற்று.

இந்த வாரப் பத்திரிகை திருச்சிக்கும் போகிறது. புரொபசர் இதைப் படிக்கக்கூடும், அவரும் எழுதலாம். ஆனால் செருப்புக் கேள்விக்கு முதலில் பதில் எழுதட்டும். புழுக்கம் என்று எழுதினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பள்ளிக்கூடம் திறக்க அதிக நாள் இல்லை. சீக்கிரம் எழுதுங்கள்.